கோல்பே சாமிக்கு ஏன் சிவப்பு உடை? யாரை மறைசாட்சி என்று சொல்வது?

லூர்து டீச்சர்

இயேசுவுக்கே புகழ்.

ஆகஸ்ட் 14 நெருங்குகிறது, புனித மாக்சிமிலியன் கோல்பே திருநாள். மறைக்கல்வி வகுப்பில் அவர் வாழ்க்கையைச் சொல்லி முடித்ததும் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "டீச்சர், இயேசுவை மறுதலிச்சா விட்டுடுறோம்னு அவர்கிட்ட யாருமே சொல்லலையே. வேற ஒருத்தருக்குப் பதிலாத்தானே செத்தாரு? அப்புறம் எப்படி வேதசாட்சி? ஏன் அன்னைக்குப் பூசையில சிவப்பு உடுத்துறாங்க?"

விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவரைத்தான் மறைசாட்சி, வேதசாட்சி என்கிறோம். அவர்கள் திருநாள் பூசையில்தான் குரு சிவப்பு உடுத்துவார். ஒரு வகுப்பில் தீர்கிற கேள்வி இல்லை இது. அதனால் இங்கே கொண்டுவருகிறேன். தெரியாதவர்களுக்காக நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

1941 ஜூலை கடைசி. போலந்தில் நாஜிகள் நடத்திய அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் 14-ம் பிளாக்கிலிருந்து ஒரு கைதி தப்பிவிட்டான். ஒருவன் தப்பியதற்குப் பத்துப் பேர் பட்டினி கிடந்து சாகவேண்டும் என்று தண்டனை. அந்த பிளாக் கைதிகளை வெயிலில் மணிக்கணக்காக நிறுத்திவைத்தார்கள். பிறகு முகாமின் துணை அதிகாரி கார்ல் ஃப்ரிட்ஷ் வரிசை வரிசையாக நடந்துவந்து பத்துப் பேரைக் கைகாட்டினான். அதில் ஒருவர் ஃபிரான்சிஷெக் கயோவ்னிச்செக், போலந்து ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்தவர். "ஐயோ, என் மனைவி, என் பிள்ளைகள்" என்று கதறினார். அப்போது வரிசையிலிருந்து ஒரு கைதி வெளியே வந்தார். கேட்காமல் வரிசையை விட்டு நகர்ந்தாலே சுட்டுவிடக்கூடிய இடம் அது. யார் நீ என்று கேட்டதற்கு, "கத்தோலிக்கக் குரு" என்றார். "அவருக்கு மனைவி மக்கள் இருக்கிறார்கள். அவர் இடத்தில் நான் போகிறேன்." அவர்தான் கோல்பே. கைதி எண் 16670. வயது 47. இளமையிலிருந்தே காசநோயில் அடிபட்ட உடம்பு.

பத்துப் பேரையும் 11-ம் பிளாக்கின் நிலவறையில் ஆடையில்லாமல் அடைத்தார்கள். அங்கே மொழிபெயர்ப்பு வேலை பார்த்த ப்ரூனோ போர்கோவியெட்ஸ் என்ற கைதி பிற்பாடு சாட்சி சொன்னார். அந்த அறையிலிருந்து செபமும் மாதா பாட்டும் கேட்டுக்கொண்டே இருந்தன. பக்கத்து அறைகளில் கிடந்தவர்களும் சேர்ந்து பாடினார்கள். அறையில் வைத்த வாளி எப்போது பார்த்தாலும் காய்ந்தே கிடந்தது. தாகத்தில் சிறுநீரையும் குடித்திருக்கிறார்கள். இரண்டு வாரம் போனபிறகு நாலு பேருக்குத்தான் உயிர் இருந்தது. அறை வேறு ஆட்களுக்குத் தேவைப்பட்டதால் ஆகஸ்ட் 14 அன்று கார்பாலிக் அமில ஊசி போட்டுக் கொன்றார்கள். கோல்பே செபித்தபடியே தானாகக் கையை நீட்டினார் என்கிறார் போர்கோவியெட்ஸ். மறுநாள் மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்று உடலை எரித்தார்கள்.

அவர் புனிதர் என்பதில் எனக்குக் கேள்வியே இல்லை. மறைசாட்சி எப்படி என்பதை இங்குள்ள பெரியவர்கள் சொல்லுங்கள்.

பனைநிழல்

மரியே வாழ்க டீச்சர்.

உங்கள் மாணவன் கேட்டதைத்தான் ரோமையிலும் கேட்டார்கள். 1971 அக்டோபர் 17 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் கோல்பேக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது மறைசாட்சியாகக் கொடுக்கவில்லை. மற்றப் புனிதர்களுக்குப் போலவே வாழ்க்கையை ஆராய்ந்து, புதுமைகளை (அற்புதங்களை) விசாரித்துக் கொடுத்தார். மறைசாட்சி என்று ஒப்புக்கொண்டிருந்தால் அந்த வழியில் போயிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதில் பார்க்கவேண்டியது இரண்டு. சாகிறவர் கிறிஸ்துவுக்காக அந்தச் சாவை ஏற்கவேண்டும். கொல்கிறவன் விசுவாசத்தின் மேலுள்ள வெறுப்பினால் கொல்லவேண்டும். கோல்பே பக்கம் ஒரு குறையும் இல்லை. சிக்கல் ஃப்ரிட்ஷ் பக்கம். அவன் குருவைத் தேடிப் பிடிக்கவில்லை. கயோவ்னிச்செக்கைத்தான் பிடித்தான். இன்னொருவர் பதிலுக்கு வந்தார், சரி என்று விட்டுவிட்டான். பத்து என்ற கணக்கு நேரானால் அவனுக்குப் போதும்.

1982-ல் புனிதர் பட்டத்துக்கு முன்னால், கோல்பேயை மறைசாட்சியாக அறிவிக்க வேண்டுமென்று போலந்து ஆயர்களும் ஜெர்மன் ஆயர்களும் கேட்டார்கள். இரண்டாம் யோவான் பவுல் ஒரு குழுவை வைத்து ஆராயச் சொன்னார். குழுவில் பெரும்பாலோர் விதிக்குள் இது வராது என்ற பக்கமே சாய்ந்தார்கள். அக்டோபர் 10 அன்று திருத்தந்தை சிவப்புத் திருவுடையில் பேதுரு சதுக்கத்துக்கு வந்தார். வாய் திறக்கும் முன்பே முடிவு தெரிந்துவிட்டது. தன் அதிகாரத்தைக் கொண்டு, இனி இவரை மறைசாட்சியாகவும் வணங்கலாம் என்று அறிவித்தார்.

திருச்சபை அறிவித்ததை மனதார ஏற்கிறேன். ஆனால் ஆறாம் பவுல் அவரை அன்பின் மறைசாட்சி என்று சொன்னதோடு நிறுத்தியிருந்தால் இன்னும் தெளிவாக இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. முதல் நூற்றாண்டிலிருந்து அந்தப் பட்டத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது. அதை அகலமாக்கிக்கொண்டே போனால், சிலுவையை மிதிக்க மறுத்துச் செத்த ஜப்பானிய ஏழை விவசாயிக்கு நாம் என்ன பெயர் வைப்பது?

செம்மண்

அண்ணே வணக்கம். நான் ஓரியூர் பக்கத்து ஆளு. நீங்க சொல்ற விதியை வச்சுப் பாத்தா எங்க அருளானந்தர் சாமியையும் கேள்வி கேக்கலாமே?

லிஸ்பன்ல அரண்மனையில வளந்த பிள்ளை. யோவான் தெ பிரிட்டோங்கிறது பேரு. இங்க வந்து காவி உடுத்தி, மரக்கறி சாப்பிட்டு, பண்டாரசாமியா மறவர் சீமை முழுக்க நடந்தாரு. 1686-லயே பிடிச்சு அடிச்சுச் சித்திரவதை பண்ணி விட்டாங்க. அதுக்கப்புறம் சபையில இருந்து போர்ச்சுக்கலுக்கு அனுப்புனாங்க. ராஜா ரெண்டாம் பேத்ரு சின்ன வயசுச் சிநேகிதர். அங்கயே இருந்துருன்னு கெஞ்சுனாரு. கேக்கலை, திரும்பி வந்துட்டாரு.

அப்புறம் சிறுவல்லி தடியத்தேவர் தீராத நோயில கிடந்தாரு. உபதேசியார் நற்செய்தி வாசிச்சு செபிக்க, குணமாச்சு. ஞானஸ்நானம் கேட்டாரு. ஒரு மனைவிதான் இருக்கணும்னு சாமி சொன்னாரு. தேவர் மூத்தவங்களை மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்களை விலக்கிட்டாரு. அதுல கடைசி மனைவி மறவர் சீமை ராஜா கிழவன் சேதுபதிக்கு நெருங்கின சொந்தம். அந்த அம்மா போய் முறையிட்டாங்க. அதுல இருந்துதான் எல்லாம் கிளம்புச்சு. 1693 பிப்ரவரி 4, ஓரியூர்ல பாம்பாத்தங்கரையில தலையை வெட்டுனாங்க.

இது விசுவாசத்து மேல வெறுப்பா, இல்ல அரண்மனைக் குடும்பக் கோவமா? அன்னைக்கே ரெண்டு விதமாவும் பேசியிருப்பாங்க. ஆனா திருமுழுக்கு யோவான் எதுக்குச் செத்தாரு? உன் சகோதரன் மனைவியை வச்சிருக்கிறது முறையில்லைன்னு ஏரோதுகிட்ட சொன்னதுக்கு. அவரை வேதசாட்சி இல்லைன்னு சொல்ல யாருக்காவது துணிச்சல் இருக்கா? எங்க சாமி பேரும் யோவான், காரணமும் அதே காரணம்.

பனைநிழல்

தம்பி, அருமையான இடத்தைத் தொட்டீர்கள். தாமஸ் அக்குவினாரும் இதே கேள்வியை எடுத்து இதே திருமுழுக்கு யோவானைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். விசுவாசம் என்பது வாயால் அறிக்கையிடுவது மட்டும் இல்லை, கடவுளை முன்னிட்டுச் செய்கிற எந்தப் புண்ணியச் செயலும் விசுவாசத்தின் வெளிப்பாடுதான், அதற்காகச் சாவதும் மறைசாட்சியம்தான் என்கிறார். 1902-ல் கற்புக்காகக் குத்துப்பட்டு இறந்த 11 வயது மரிய கொரற்றியை 1950-ல் மறைசாட்சியாகப் புனிதர் ஆக்கியதும் அந்த வழியில்தான்.

அருளானந்தர் விஷயத்தில் இன்னொன்று சேர்க்கிறேன். அவருடைய பட்டம் தாமதமானதற்கு மரணத்தின் காரணம் மட்டும் முட்டுக்கட்டை இல்லை. காவி, பூணூல், சந்தனம் என்று மதுரை மிஷன் குருக்கள் கைக்கொண்ட வழக்கங்கள் சரியா தவறா என்ற மலபார் ரீதித் தகராறு குறுக்கே வந்தது. அந்த வழக்கங்கள் அவருடைய பட்டத்துக்குத் தடையில்லை என்று 1741-ல் தீர்ப்புச் சொன்னவர் பதினாலாம் பெனடிக்ட். புனிதர் பட்டம் கொடுப்பதன் முறைகளைப் பெரிய நூலாகவே எழுதியவர் அவர். அப்படியும் 1947 ஜூன் 22 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் பாருங்கள், ஓரியூரில் சாவுக்குக் காரணமே சாமி கொடுத்த போதனை. அவரைத்தான் தேடினார்கள், அவரைத்தான் பிடித்தார்கள். அவுஷ்விட்ஸில் அப்படி இல்லை.

கீழைக்காற்று

பனைநிழல் எழுதியது: "அவுஷ்விட்ஸில் அப்படி இல்லை."

அங்கேதான் நான் மாறுபடுகிறேன். அந்த மாலை வரிசையில் நின்றதை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்? கோல்பே அந்த வரிசைக்கு எப்படி வந்தார்?

1927-ல் வார்சா அருகே நியெபோகலானூவ் என்ற இடத்தில் வெறும் பொட்டலில் மடம் கட்டினார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் 700 துறவிகளுக்கு மேல் சேர்ந்தார்கள். அச்சகம், பத்திரிகை, வானொலி எல்லாம் உள்ளேயே. 'அமல அன்னையின் வீரன்' மாத இதழ் பத்து லட்சம் பிரதி வரை அச்சானது. 1930-ல் நாகசாகிக்குப் போய், இறங்கிய அடுத்த மாதமே ஜப்பானிய மொழியில் இதழ் கொண்டுவந்தார். 1932-ல் நம்ம எர்ணாகுளம் வரைக்கும் வந்து இங்கேயும் ஒரு மடம் தொடங்க முயன்றிருக்கிறார். நாஜிகளுக்கு இப்படி ஓர் ஆளை வெளியே விட்டுவைக்க முடியாது. 1939 செப்டம்பரில் ஒருதரம் பிடித்து டிசம்பரில் விட்டார்கள். 1941 பிப்ரவரி 17 அன்று மறுபடி பிடித்தார்கள். மே 28 அன்று அவுஷ்விட்ஸ்.

முகாமில் குருக்களுக்குத் தனிக் கவனிப்பு. ஒரு காப்போ (மற்றக் கைதிகளை வேலைவாங்க நாஜிகள் வைத்த கைதி) கோல்பேயின் முதுகில் பலகைகளை ஏற்றி ஓடச் சொன்னான். விழுந்ததும் உதைத்து, ஐம்பது அடி அடித்து, செத்துவிட்டார் என்று சேற்றில் தள்ளி மேலே சுள்ளிகளைப் போட்டுவிட்டுப் போனான். மற்றவர்கள் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதுவும் கணக்கு நேராக்கிய வேலையா?

யார் நீ என்று கேட்டபோது அவர் பெயரைச் சொல்லவில்லை, எண்ணைச் சொல்லவில்லை. கத்தோலிக்கக் குரு என்றார். குருக்களை ஒழிக்க நினைத்தவனுக்கு முன்னால் நின்று சொன்ன வார்த்தை அது. கயோவ்னிச்செக்கைப் போன்ற வேலைக்கு உடம்பு இருக்கிற ஆளை விட்டுவிட்டு ஒரு குருவை அனுப்ப ஃப்ரிட்ஷ் உடனே சம்மதித்தான் என்றால், அதற்குள் அந்த வெறுப்பு இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்? என்னைக் கேட்டால் இரண்டாம் யோவான் பவுல் விதியை மீறவில்லை. கொலைகாரன் ஒரு தனிமனிதனாக இல்லாமல் ஓர் அரசாங்கமாகவே இருக்கும்போது, வெறுப்பை அந்த அமைப்பில் தேடவேண்டும் என்று காட்டினார். அவரே போலந்துக்காரர். 1979-ல் திருத்தந்தையாக அந்த நிலவறைக்குப் போய் முழந்தாளிட்டவர். அவருக்குத் தெரியாததா?

கார்த்திக் மதுரை

வணக்கம். நான் கிறிஸ்தவன் இல்லை, ஆனால் இந்த இழையை ஆர்வமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று கேட்கலாமா? நியெபோகலானூவிலிருந்து வந்த நாளிதழில் யூதர்களுக்கு எதிரான கட்டுரைகள் வந்ததாகப் படித்திருக்கிறேன். அவுஷ்விட்ஸ் என்றாலே யூதர்களின் சாவு. அங்கே இவரைப் புனிதராக நிறுத்துவது அவர்களுக்கு எப்படி இருக்கும்? புண்படுத்தக் கேட்கவில்லை.

லூர்து டீச்சர்

தம்பி, கேட்கவேண்டிய கேள்விதான். யாரும் புண்படமாட்டோம்.

நீங்கள் படித்தது உண்மை. 1935-ல் தொடங்கிய அந்த நாளிதழில் யூதர்களைப் பழிக்கும் எழுத்து நிறைய வந்தது. அது தொடங்கியபோது கோல்பே ஜப்பானில் இருந்தார், ஆனால் 1936-ல் திரும்பி மடத்தின் தலைவராக இருந்த காலத்திலும் வந்தது. அவருடைய சொந்த எழுத்திலும் யூதர்களைப் பற்றி அந்தக் காலத்துப் பொய்க்கதைகளை நம்பி எழுதிய வரிகள் உண்டு. அதை மறைத்து அவரைப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அதே மடம்தான் 1939 டிசம்பருக்குப் பிறகு வீடு இழந்து வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கதவைத் திறந்தது. அதில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் யூதர்கள். சோறு, துணி, படுக்கை எல்லாம் துறவிகளுடையதைப் பங்குபோட்டுக் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். முன்னது பின்னதால் அழிந்துபோகாது. புனிதர் என்றால் பிறந்ததிலிருந்து பிழையே எழுதாதவர் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், வளர்ந்து தாங்களாகப் படிக்கும்போது எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

மன்னார்க் கடல்

நான் மன்னாரில இருந்து எழுதுறன். கார்த்திக் தம்பி கேட்டது எனக்கு ஏடித் ஸ்டெயினை ஞாபகப்படுத்தினது. அவவும் அவுஷ்விட்ஸிலதான் செத்தவ. யூதக் குடும்பத்தில பிறந்து, தத்துவம் படிச்சு, பிறகு கத்தோலிக்கராகி கார்மேல் மடத்துக்குப் போனவ. 1942 ஜூலை 26 அண்டு நெதர்லாந்து ஆயர்மார் யூதரை நாடு கடத்துறதைக் கண்டிச்சுக் கோயில்களில கடிதம் வாசிச்சவை. அதுக்குப் பழிவாங்க ஆகஸ்ட் 2 அண்டு யூத வழிக் கத்தோலிக்கரைப் பிடிச்சவங்கள். ஏடித்தையும் அக்கா ரோசாவையும் மடத்திலயே வந்து கொண்டுபோனவங்கள். ஆகஸ்ட் 9 அண்டு சாவு.

யூதர் எண்டபடியாத்தான் கொன்றவங்கள் எண்டு யூத மக்கள் சொல்லுகினம். அதில நியாயம் இருக்குது. ஆயர்மாரின்ர கடிதத்துக்குப் பழியா எண்டபடியா விசுவாசத்துக்கான சாவும்தான் எண்டு ரோமை சொன்னது. ரெண்டும் ஒரே சாவுக்குள்ள இருக்கேலும் எண்டுதான் நான் நினைக்கிறன். ஒண்டைச் சொல்லி மற்றதை அழிக்கிறதுதான் பிழை.

எங்கட மன்னாரிலயும் இதே கேள்வி இருக்குது. 1544-ல யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் ஞானஸ்நானம் பெற்ற சனத்தை வெட்டினவன். தோட்டவெளியில அவையின்ர நினைவா கோயில் இருக்குது. போர்த்துக்கீசரின்ர பக்கம் போயிடுவினம் எண்ட பயத்திலதான் வெட்டினவன் எண்டு சரித்திரம் படிச்சவை சொல்லுவினம். இருக்கலாம். ஆனா வெட்டுப்பட்ட அந்தச் சனத்துக்கு அரசியல் என்ன தெரியும்? புதுசாக் கிடைச்ச ஞானஸ்நானம் மட்டும்தான் தெரியும். கொல்லுறவனின்ர மனசை அளந்து பார்க்கிற நேரம், செத்தவையின்ர மனசையும் கொஞ்சம் பாருங்கோ பனைநிழல் அண்ணை.

பனைநிழல்

அக்கா, தலைவணங்குகிறேன். ரொமேரோ ஆண்டகை விஷயத்திலும் இதே இழுபறிதான். 1980 மார்ச் 24 அன்று எல் சால்வதோரில் பூசை நிறைவேற்றிக்கொண்டிருந்தவரைச் சுட்டார்கள். சுட்டவர்களும் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், அதனால் இது அரசியல் கொலை என்று பல வருடம் தள்ளிப்போனது. ஏழைகளைக் கொல்லாதே என்று நற்செய்தியை வைத்துப் பேசியதற்காகக் கொன்றதும் விசுவாசத்தின் மேலுள்ள வெறுப்புத்தான் என்று 2015-ல் ஒப்புக்கொண்டார்கள். அதில் எனக்கு முழுச் சம்மதம். அங்கேயும் அவரைத்தான் குறிவைத்தார்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

மூன்று பிள்ளைகளின் அம்மா

நான் இங்கே எழுதுவது குறைவு. இதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எல்லாரும் கொன்றவன் என்ன நினைத்தான், ரோமை என்ன சொன்னது என்றே பேசுகிறீர்கள். கயோவ்னிச்செக் என்ன ஆனார்? முகாமில் சிலர் அவரைக் குறைசொன்னார்கள், அவ்வளவு பெரிய மனிதரைச் சாகவிட்டு இவன் இருக்கிறானே என்று. போர் முடிந்து வீட்டுக்கு வந்தார். மனைவி ஹெலேனா உயிரோடு இருந்தார். எந்தப் பிள்ளைகளைச் சொல்லிக் கதறினாரோ அந்த இரண்டு மகன்களும் 1945-ல் குண்டுவீச்சில் இறந்துபோயிருந்தார்கள். அதற்குப் பிறகு ஐம்பது வருடம் வாழ்ந்தார். 1971-லும் 1982-லும் ரோமைக்குப் போய் நின்றார். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் கோல்பேயைப் பற்றிப் பேசினார். 1995-ல் 93 வயதில்தான் இறந்தார்.

பிள்ளைகள் எப்படியும் இறந்துதான் போனார்கள், அப்படியானால் கோல்பே செய்தது வீணா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஹெலேனாவுக்குப் புருஷன் வந்து சேர்ந்தாரே. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் சேர்ந்து அழ ஓர் ஆள் இருந்தாரே. அது சின்ன விஷயமா?

இதைச் சொல்லும்போதே ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் நினைவு வருகிறது. ஆஸ்திரியாவில் சாங்ட் ரடெகுண்ட் என்ற கிராமத்து விவசாயி, பங்கில் கோயில்பிள்ளையாகவும் இருந்தவர். மூன்று பெண் குழந்தைகள். ஹிட்லரின் போர் அநியாயமானது, அதில் துப்பாக்கி தூக்கமாட்டேன் என்றார். பங்குசாமி சொன்னார், ஆயரும் சொன்னார், குடும்பத்தை நினைத்துப்பார் என்று. நினைத்துப்பார்த்துத்தான் மறுத்தார். 1943 ஆகஸ்ட் 9 அன்று தலையை வெட்டினார்கள். ஊரார் அந்த அம்மா ஃபிரான்சிஸ்காவைத்தான் ஏசினார்கள், நீதான் அவனைப் பக்தியில் தள்ளிக் கெடுத்தாய் என்று. போரில் செத்தவர்களின் மனைவிகளுக்குக் கிடைத்த உதவித்தொகை பல வருடம் அவருக்குக் கிடைக்கவில்லை. தனியாக நிலத்தைப் பார்த்து மூன்று பெண்களை வளர்த்தார். 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் கணவருக்கு மறைசாட்சியாக அருளாளர் பட்டம் கொடுத்தபோது 94 வயதில் அங்கே உட்கார்ந்திருந்தார்.

கோல்பே ஒரு தகப்பனை வீட்டுக்கு அனுப்பினார். யேகர்ஷ்டெட்டர் தகப்பனாக இருந்தும் வீட்டை விட்டுப் போனார். இரண்டு பேரையும் ஒரே பீடத்தில் திருச்சபை வைக்கிறது. என் கணவர் அப்படிப் போனால் நான் ஃபிரான்சிஸ்காவைப்போல் இருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சாட்சி என்று சொல்லும்போது அந்த அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் 2013 வரை, நூறு வயது வரை அந்தச் சாட்சியைத் தூக்கிச் சுமந்தார்.

செம்மண்

அக்கா, இதை எங்க வீட்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனேன். வேற ஒண்ணும் சொல்லத் தெரியலை.

பனைநிழல்

அம்மா எழுதியதற்குப் பிறகு சட்டம் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் டீச்சர் கேட்ட கேள்விக்கு இன்னொரு பக்கம் பாக்கி இருக்கிறது.

2017 ஜூலை 11 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஓர் ஆணையின் மூலம் புதிதாக ஒரு வழியைத் திறந்தார். மற்றவர்களுக்காகத் தன் உயிரைத் தானாகக் கையளித்து, அதனாலேயே சீக்கிரம் இறந்தவர்களுக்கு 'உயிர்க்கொடை' என்று தனி வழி. மறைசாட்சி வழியும் இல்லை, வழக்கமான வழியும் இல்லை. கொன்றவன் மனதைத் தோண்டவேண்டிய அவசியமில்லை. புதுமை மட்டும் வேண்டும்.

அந்த வழியில் 2025 பிப்ரவரியில் வணக்கத்துக்குரியவர் (அருளாளருக்கு முந்தைய படி) ஆனவர்களில் ஒருவர் சால்வோ தக்விஸ்தோ. இத்தாலியில் கராபினியேரி என்ற காவல்படையில் துணை அதிகாரி, நேப்பிள்ஸ் ஊர்க்காரர். 1943 செப்டம்பரில் ரோமைக்கு அருகே பாலிதோரோவில் ஒரு வெடிவிபத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் செத்தார்கள். சதி என்று சொல்லி 22 பேரைப் பிடித்து, அவர்கள் கையாலேயே குழி தோண்டவைத்தார்கள். சால்வோவுக்கு வயது 22. அவருக்கும் அந்த வெடிக்கும் சம்பந்தமே இல்லை. நான்தான் செய்தேன் என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 22 பேரையும் விட்டார்கள். அவரை அங்கேயே சுட்டார்கள். செப்டம்பர் 23.

கோல்பே செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதே நாஜி ஆட்சி, அதே கூட்டுத் தண்டனை, அதே பதில் சாவு. ஒருவர் மறைசாட்சி, இன்னொருவர் உயிர்க்கொடை. 1982-ல் இந்த வழி இருந்திருந்தால் கோல்பேயும் இதில்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். அதில் அவருக்கு ஒரு குறைவும் இருந்திருக்காது. நண்பருக்காக உயிரைக் கொடுப்பதைவிட மேலான அன்பு இல்லை என்று ஆண்டவரே சொன்ன வார்த்தையிலிருந்துதான் அந்த ஆணைக்கே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கீழைக்காற்று

வித்தியாசம் இருக்கிறது. சால்வோவைச் சுட்டவர்கள் குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நம்பிச் சுட்டார்கள். அவர் கிறிஸ்தவர் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் செய்த தியாகத்தின் அழகே அவர்கள் அப்படி நம்பியதில்தான் இருக்கிறது. கோல்பே எந்தக் குற்றத்தையும் ஏற்கவில்லை. நான் குரு, அதனால் இவருக்குப் பதில் என்னை எடு என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னார். அவனும் அதைக் கேட்டுத்தான் எடுத்தான்.

கார்த்திக் மதுரை

வெளியாள் என்ற முறையில் எனக்குப் படுவதைச் சொல்கிறேன். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் மேற்கு வாசலுக்கு மேல் 20-ம் நூற்றாண்டு மறைசாட்சிகள் பத்துப் பேரின் சிலைகளை 1998-ல் வைத்தார்கள். அதில் கோல்பே இருக்கிறார், ரொமேரோ இருக்கிறார், மார்ட்டின் லூதர் கிங்கும் இருக்கிறார். அது ஆங்கிலிக்கன் கோயில், உங்கள் விதிகள் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் அவர்களும் கோல்பேயை அந்த வரிசையில்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

பனைநிழல்

கீழைக்காற்று, நீங்கள் சொன்ன "அவனும் அதைக் கேட்டுத்தான் எடுத்தான்" என்பதுதான் முக்கியமான இடம். சாட்சியங்களில் ஃப்ரிட்ஷ் ஒரு விநாடி திகைத்து நின்றான் என்று வருகிறது. ஏன் சம்மதித்தான் என்பதற்கு அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் நமக்குக் கிடைக்கவில்லை. குரு என்பதால் எடுத்தான் என்று நீங்கள் படிக்கிறீர்கள், யாராக இருந்தாலும் எடுத்திருப்பான் என்று நான் படிக்கிறேன். 1982-ல் குழுவில் இருந்தவர்களும் இந்த இடத்தில்தான் பிரிந்திருப்பார்கள்.

கீழைக்காற்று

அவன் மௌனத்தை வைத்து கோல்பேயின் பட்டத்தைத் தீர்மானிக்க வேண்டாம் என்கிறேன் நான். பிப்ரவரியில் அவரைப் பிடித்தவர்களும், முதுகில் பலகை ஏற்றியவனும், ஊசி போட்டவனும் ஒரே அமைப்பின் கைகள். பிடித்த நாளிலிருந்தே அவர் சாகத்தான் கொண்டுபோகப்பட்டார். எந்த நாளில், யாருக்குப் பதிலாக என்பதை மட்டும் அவரே தேர்ந்தெடுத்தார்.